சேலம் – சென்னை விமானம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று தேடினால் 144, 165, 266, 280, 334 என்று ஐந்து எண்கள் கிடைக்கும். ஐந்துமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் எதை எதிலிருந்து அளந்தது என்று தெரியாமல் பயணத்தைத் திட்டமிட்டால்தான் சிக்கல் வரும். சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறவர்களும் அங்கே வந்து இறங்கி ஏற்காடு போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குக் கணக்கோடு விடை சொல்கிறோம்.

சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம்?

266 கி.மீ. இதையே சாதாரண மைலில் சொன்னால் 165. விமானிகள் பயன்படுத்தும் நாட்டிக்கல் மைலில் சொன்னால் 144. ஒரு நாட்டிக்கல் மைல் என்பது 1.852 கி.மீ. வெளிநாட்டு இணையதளங்கள் மைலில் காட்டும் எண்ணைக் கிலோமீட்டர் என்று படித்துவிட்டு, "165 கி.மீ.தானே, காரிலேயே போய்விடலாம்" என்று நினைத்தவர்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

280 கி.மீ. என்றும் சில இடங்களில் போட்டிருக்கிறதே?

அது ஊருக்கு ஊர் அளந்த தூரம். சேலம் நகரத்தின் நடுவிலிருந்து சென்னை நகரத்தின் நடுவுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 280 கி.மீ. வரும். ஆனால் விமான நிலையம் சேலம் நகருக்குள் இல்லை. நகரத்துக்கு வடமேற்கே, ஓமலூரைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய கமலாபுரத்தில் இருக்கிறது. நேர்கோட்டில் நகரத்திலிருந்து 16 கி.மீ. சென்னையிலும் மீனம்பாக்கம் நகரின் தென்மேற்குப் பக்கம், அதாவது சேலத்தைப் பார்த்த பக்கம். சேலம் முனையில் தூரம் ஏறக்குறைய மாறுவதில்லை; சென்னை முனையில் குறைவதால்தான் 280 என்பது 266 ஆகிறது.

334 என்பது சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதையின் நீளம். ஜோலார்பேட்டை, காட்பாடி என்று வடக்கே வளைந்து போவதால் ஊருக்கு ஊர் நேர்கோட்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சாலையில் போனாலும் ஏறக்குறைய இதே தூரம்தான்.

இந்தத் தூரத்தை நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

சேலம் விமான நிலையம் வடக்கு 11°46′57″, கிழக்கு 78°03′52″. சென்னை வடக்கு 12°59′40″, கிழக்கு 80°10′50″. முதலில் இவற்றைத் தசமமாக்குங்கள்: கலையை (′ குறியிட்ட எண்) 60 ஆலும் விகலையை (″ குறியிட்ட எண்) 3600 ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால், சேலம் 11.7825, 78.0644, சென்னை 12.9944, 80.1806.

அடுத்து, வடக்கு–தெற்கு வித்தியாசம் 1.2119 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 134.8 கி.மீ. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 2.1162 பாகை. இதை அப்படியே 111.2 ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிப் போவதால், நடு அட்சரேகையின் கொசைன் மதிப்பால் குறைக்க வேண்டும். நடு அட்சரேகை 12.39 பாகை, அதன் கொசைன் 0.9767. ஆக 2.1162 × 0.9767 × 111.2 = 229.8 கி.மீ. இனி பிதாகரஸ்: 134.8 இன் வர்க்கத்தையும் 229.8 இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 266.4.

பூமி உருண்டை, நாம் தட்டையாக வைத்துக் கணக்குப் போட்டோம். முன்னூறு கிலோமீட்டருக்குள் அந்த வித்தியாசம் ஒரு கிலோமீட்டரைக்கூடத் தொடாது. சேலம்–டெல்லி போன்ற தூரத்துக்கு மட்டும் கோள முக்கோணச் சூத்திரம் தேவைப்படும்.

எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 11°46′57″ என்பதைத் தசமமாக்காமல் 11.4657 என்று அப்படியே தட்டிவிடுவார்கள். அந்தப் புள்ளி விமான நிலையத்துக்குத் தெற்கே 35 கி.மீ. தள்ளி, நாமக்கல் மாவட்டத்துக்குள் போய் விழும். விடை "கிட்டத்தட்ட சரி" போலத் தெரிவதால் தவறு கண்ணில் படாது.

"சேலம் ஏர்போர்ட்" என்று போட்டால் அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரைக் காட்டுகிறது. ஏன்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரும் சேலம்தான். அந்த விமான நிலையத்தின் குறியீடு எஸ்.எல்.இ. நம்முடையது எஸ்.எக்ஸ்.வி. நான்கெழுத்துக் குறியீடு கேட்டால் வி.ஓ.எஸ்.எம்.; இதில் முதலில் வரும் வி.ஓ. தென்னிந்திய நிலையங்களுக்கு உரியது. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைத் தட்டுவது பாதுகாப்பு. சென்னைக்கு எம்.ஏ.ஏ.

விமானம் பறக்கும் நேரம் எவ்வளவு?

அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று இருக்கும். அதில் விமானம் வானத்தில் இருப்பது 40 முதல் 45 நிமிடம்.

இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற டர்போபிராப், அதாவது விசிறி வைத்த விமானம். உச்ச வேகம் 270 நாட், அதாவது மணிக்கு 270 நாட்டிக்கல் மைல், சுமார் 500 கி.மீ. 144 நாட்டிக்கல் மைலை 270 ஆல் வகுத்தால் 32 நிமிடம்தான் வருகிறது. ஆனால் முழுத் தூரமும் அந்த வேகத்தில் போக முடியாது.

15,000 அடிக்கு ஏறச் சுமார் 13 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் சராசரி வேகம் 200 நாட் அளவில் இருப்பதால் 43 நாட்டிக்கல் மைல் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகளின் மனக்கணக்கு, ஆயிரம் அடிக்கு 3 நாட்டிக்கல் மைல். 15,000 அடிக்கு 45 மைல், நேரம் சுமார் 11 நிமிடம். இரண்டையும் கழித்தால் நடுவில் மிஞ்சுவது 56 மைல். அதை 12 நிமிடத்தில் முடித்துவிடும். ஆக 36 நிமிடம். ரன்வேக்கு நேராக வந்து அமைவதற்கு இன்னொரு ஐந்தாறு நிமிடம் சேர்த்தால் 42 ஆகிறது.

பணிப்பெண் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிடுவது இதனால்தான். சமதளமாகப் பறப்பது பன்னிரண்டே நிமிடம்.

அப்படியானால் மீதி நேரம் எங்கே போகிறது?

தரையில். அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்வது முதல் மறுமுனையில் நின்று ஓய்வது வரை. சென்னையில் ரன்வேக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்கவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். இதற்கென்று கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் விமான நிறுவனங்கள் அட்டவணையில் சேர்த்துத்தான் போடுகின்றன. பதினைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே வந்து சேர்வது அந்தக் கூடுதலால்தான்.

போகும்போது ஒரு நேரமும் வரும்போது ஒரு நேரமும் ஆகிறதே?

முக்கியக் காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும். சென்னை, சேலத்துக்குக் கிழக்கு–வடகிழக்கே இருக்கிறது. எனவே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். 25 நாட் காற்று என்று வைத்துக்கொண்டு 144 நாட்டிக்கல் மைலுக்கு எளிய கணக்குப் போட்டால், போக 29 நிமிடம், வர 35 நிமிடம். ஆறு நிமிட வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வரும்போது இது தலைகீழாகும்.

அடுத்த காரணம் சென்னை ரன்வே. பெரிய ரன்வேயின் இரண்டு முனைகளுக்கு 07, 25 என்று பெயர். சேலத்திலிருந்து வரும் விமானத்துக்கு 07 ஏறக்குறைய நேர்வழி, அப்படியே இறங்கிவிடலாம். காற்று மேற்கிலிருந்து வீசினால் 25 இல்தான் இறங்க வேண்டும். அதற்கு நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். உங்கள் ஜன்னலில் கடல் தெரிந்தால் சில நிமிடம் கூடியிருக்கிறது என்று பொருள்.

விமானம் எந்த ஊர்களின் மேல் பறக்கிறது? 266 கி.மீ. தூரம்தான் உண்மையில் பறக்கிறதா?

வரைபடத்தில் இரண்டு நிலையங்களையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது சேர்வராயன் மலையின் வடபகுதியைத் தாண்டி, அரூர் பக்கமாகப் போய், திருவண்ணாமலைக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தள்ளிக் கடந்து, செய்யாறு அருகே சென்று, காஞ்சிபுரத்துக்குச் சற்றுத் தெற்கே மீனம்பாக்கத்தை நோக்கி நீளும்.

விமானம் இந்தக் கோட்டின் மீதே போகாது. புறப்படும் ரன்வேயின் திசையில் முதலில் ஏற வேண்டும். வகுக்கப்பட்ட வழித்தடத்தில் சேர வேண்டும். சென்னையை நெருங்கியதும் கட்டுப்பாட்டு அறை சொல்லும் திசையில் திரும்ப வேண்டும். அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளமும் தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இருப்பதால் அந்த வான்வெளியைப் பங்கிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எனவே உண்மையில் பறக்கும் தூரம் 266ஐ விட எப்போதும் அதிகம்தான்.

உயரமும் இஷ்டத்துக்கு இல்லை. கிழக்கு நோக்கிப் போகிறவை ஒற்றைப்படை ஆயிரங்களிலும் மேற்கு நோக்கி வருகிறவை இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்க வேண்டும் என்பது விதி. சேலத்திலிருந்து போகும்போது 15,000 அல்லது 17,000 அடி. திரும்பி வரும்போது 14,000 அல்லது 16,000. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

சேர்வராயன் மலை பக்கத்திலேயே இருப்பது இடைஞ்சல் இல்லையா?

கவனத்தில் வைக்க வேண்டிய விஷயம்தான். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 307 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் முகடு 1,600 மீட்டருக்கும் மேல், அதாவது 5,300 அடிக்கு மேல். நிலையத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 16 கி.மீ.தான்.

கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறக்கும் விமானம், அந்தப் பகுதியின் மிக உயர்ந்த முகட்டுக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி வைக்க வேண்டும். மலைப்பகுதியில் இன்னும் அதிகம். மலைப் பக்கமிருந்து வரும் விமானம் 6,300 அடிக்கு மேலேயே வந்து, மலையைத் தாண்டிய பிறகுதான் 1,000 அடி உயரத்திலுள்ள ரன்வேக்கு இறங்க முடியும். மலை முடியும் இடத்துக்கும் ரன்வேக்கும் இடையே தூரம் அதிகமில்லை. தரையிறங்கும் முன் விமானம் ஒரு சுற்றுச் சுற்றினால் பயப்பட வேண்டாம். உயரத்தைக் கரைக்கத்தான் அந்தச் சுற்று.

மலையைப் பார்க்க ஆசையா? ரன்வே வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருக்கிறது. வடகிழக்கு நோக்கிக் கிளம்பினால் மலை வலப்பக்கம்; எஃப் இருக்கை எடுங்கள். வடகிழக்கிலிருந்து வந்து இறங்கினால் மலை இடப்பக்கம்; ஏ இருக்கை. அன்றைய காற்றைப் பொறுத்துத் திசை மாறலாம். இந்த விமானத்தில் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே தரை மறைக்காமல் தெரியும்.

ஜெட் விமானம் விடலாமே? நேரம் குறையுமே?

இங்கே ரன்வே 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளம் போதாது.

கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், முழு எடையோடு ஏ.டி.ஆர். 72 எழும்பச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். ஏ320 ஜெட்டுக்குச் சுமார் 2,100 மீட்டர். இது தொழிற்சாலைக் கணக்கு. சேலத்துக்கு இதைத் திருத்த வேண்டும். ரன்வே வடிவமைப்பில் பயன்படும் பொதுவிதி இது: கடல் மட்டத்துக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீளத்தை 7 சதவீதம் கூட்டு, அந்த உயரத்துக்குரிய நிலையான வெப்பத்தைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் கூட்டு. சேலத்தின் உயரத்துக்கு 7 சதவீதம். 307 மீட்டரில் நிலையான வெப்பம் 13 டிகிரி. சித்திரை வெயிலை 38 என்று வைத்தால் 25 டிகிரி அதிகம், எனவே 25 சதவீதம்.

1,300ஐ 1.07 ஆலும் 1.25 ஆலும் பெருக்குங்கள்: ஏறக்குறைய 1,740 மீட்டர். ஏ.டி.ஆர். முழு எடையோடு சித்திரை நண்பகலில் எழும்பினால் கையில் மிஞ்சுவது அறுபது எழுபது மீட்டர்தான். அதே கணக்கில் ஏ320க்கு 2,800 மீட்டர் வேண்டும். ஆயிரம் மீட்டர் குறைகிறது. விமானிகள் அன்றாடம் பயன்படுத்துவது இதைவிட நுட்பமான அட்டவணைகள். ஆனால் விஷயம் புரிய இது போதும்.

உண்மையில் இந்தத் தூரத்துக்கு ஜெட் வந்தாலும் பெரிய லாபம் இல்லை. அது தன் உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். ஐந்து நிமிடம் மிச்சமாகலாம். ரன்வே நீளமாக வேண்டும் என்று இந்த மாவட்டத்துக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது; ஆனால் அந்த நியாயம் சென்னைப் பயணத்தில் இல்லை. மும்பை, டெல்லி போன்ற தொலைவூர்களுக்கு நேரடி விமானம் வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

சேலத்திலிருந்து மற்ற விமான நிலையங்கள் எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில்: திருச்சி 133 கி.மீ., கோவை 139, பெங்களூரு 161, கொச்சி 256, ஐதராபாத் 605.

பெங்களூரு கணக்கைப் பாருங்கள். 161 கி.மீ. என்பது 87 நாட்டிக்கல் மைல். 15,000 அடிக்கு ஏறி இறங்கவே 88 மைல் வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஆக அந்த உயரத்துக்கே போக முடியாது. 10,000 அடி அளவில்தான் பறக்க வேண்டும். சென்னையைவிடத் தூரம் நூறு கி.மீ. குறைவு, நேரமோ கால் மணி நேரம்கூடக் குறையாது. குறுகிய தூரத்தில் தூரத்தைவிட ஏறி இறங்குவதும் தரையில் ஊர்வதும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. தூரத்தைப் பார்த்து நேரத்தை விகிதக் கணக்காகப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஐதராபாத்துக்கு ஏ.டி.ஆரில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானமா, வந்தே பாரத் ரயிலா? எது சீக்கிரம்?

சென்னையில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பொறுத்தது. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை எடுத்துக்கொள்வோம்.

விமானம்: கமலாபுரத்துக்கு 35 நிமிடம். ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும், 90 நிமிடம். அட்டவணை நேரம் 60. சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 25. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, ரயில் பிடித்துச் சென்ட்ரல் வர 45. மொத்தம் 255 நிமிடம், நாலேகால் மணி நேரம்.

ரயில்: ஜங்ஷனுக்கு 15 நிமிடம். முன்னதாக 15. கோவை–சென்னை வந்தே பாரத் சேலத்திலிருந்து சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். மொத்தம் ஏறக்குறைய அதே நாலேகால்.

எனவே சென்ட்ரல், எழும்பூர், பாரிமுனைப் பக்கம் வேலை என்றால் ரயிலே மேல் என்பது எங்கள் கருத்து. கட்டணமும் பொதுவாகக் குறைவு. கிண்டி, தாம்பரம், பழைய மகாபலிபுரம் சாலை என்றால் விமானத்தில் அரை மணி முதல் முக்கால் மணி வரை மிச்சம். கைப்பை மட்டும் என்றால் இன்னும் பதினைந்து நிமிடம் குறையும். சென்னையிலிருந்து வேறு விமானம் பிடித்து வெளியூர், வெளிநாடு போகிறவர்களுக்கு விமானத்துக்கு ஈடு இல்லை. காலையில் ஒரு வேலையை முடித்து அன்றே திரும்ப வேண்டும் என்றால், இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு போவதுதான் இன்றைக்கும் பலருடைய வழி.

சென்னையில் அடுத்த விமானம் பிடிக்க எவ்வளவு இடைவெளி வைக்கலாம்?

இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், நிறுவனம் விற்கும் இடைவெளி போதும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பொறுப்பு உங்களுடையது. உள்நாட்டுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம், வெளிநாட்டுக்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். சேலத்துக்கு ஒரு நாளில் வரும் விமானங்கள் கொஞ்சம்தான். ஒன்று ரத்தானால் அடுத்தது மறுநாளாக இருக்கலாம். விசா நேர்காணல், கல்லூரிச் சேர்க்கை, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முந்தின நாளே போய்விடுவது நல்லது.

எந்தக் காலத்தில் தாமதமும் ரத்தும் அதிகம்?

மார்கழி, தை மாதக் காலைப் பனிமூட்டத்திலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி 5 கி.மீ. தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊரில் பனி வெயில் ஏறும்வரை கலையாது. சித்திரை, வைகாசியில் மாலை நேர இடிமழை இன்னொரு தொல்லை. மலை மேல் கருமேகம் கட்டிவிட்டால் விமானம் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

சேலத்தில் இறங்க முடியாவிட்டால் விமானம் கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம், அல்லது திருச்சி, கோவை, பெங்களூரு என்று பக்கத்து நிலையத்துக்குப் போகலாம். கோவை என்றால் சாலையில் சேலத்துக்குச் சுமார் 160 கி.மீ., மூன்று மணி நேரம். உங்களை அழைக்க வருகிறவர்கள் விமானம் வானத்தில் இருக்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று கைபேசியில் பார்க்க முடியும். கமலாபுரத்துக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் பார்த்த நேரத்தில் விமானமே இல்லையே?

பழைய பக்கமாக இருக்கும். இங்கே சேவை தொடர்ச்சியாக நடந்ததில்லை. நிலையம் திறந்தது 1993இல். கிங்ஃபிஷர் 2009 நவம்பர் முதல் 2011 வரை ஓடியது. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் 2018 மார்ச் 25இல் தொடங்கி 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஒவ்வொரு காலத்து அட்டவணையும் இணையத்தில் அழியாமல் கிடக்கிறது. தவிர, ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அட்டவணைகள் மாறும். அந்தத் தேதிகளைத் தாண்டிய பயணத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தால், நேரம் மாறிய குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் தன் எண்ணைக் கொடுத்து எடுத்திருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வராது. உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறோம். ஏற முடியுமா?

முடியும். ஏ.டி.ஆர். தாழ்வான விமானம். பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக, ஐந்தாறு படிதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பின்வரிசை இருக்கை எடுங்கள், நடை குறையும். சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். சிறிய நிலையத்தில் அந்த நேரத்தில் கேட்டால் காத்திருக்க நேரும். மேல் தட்டு சின்னது என்பதால் பெரிய கைப்பெட்டி உள்ளே போகாது. இண்டிகோவில் கைப்பை 7 கிலோ, ஏற்றும் பெட்டி 15 கிலோ. சேலத்து மாம்பழம் கொண்டு போவதில் தடையில்லை, ஆனால் ஒரு கூடை மல்கோவா அந்த 15 கிலோவை நிறைத்துவிடும். கொப்பரைத் தேங்காயை ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தருமபுரி, மேட்டூர் பக்கமிருந்து வருகிறவர்கள் எப்போது கிளம்ப வேண்டும்?

மேட்டூர்க்காரர்களுக்கு ஓமலூர் வழி ஒரு மணி நேரம் தாராளம். தருமபுரியிலிருந்து தூரம் ஐம்பது கி.மீ.க்குள்தான், ஆனால் நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் சாலை அடைபடும். அதற்காகவே முக்கால் மணி நேரம் கூடுதலாக வையுங்கள். இண்டிகோவில் உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரை 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். நிலையம் சிறியது என்பதற்காக இதில் சலுகை கிடையாது.

விமான நிலையத்திலிருந்து ஏற்காடு எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் 16 கி.மீ. என்று சொன்னோம், ஏறக்குறைய நேர் கிழக்கே. சாலையில் நாற்பது கி.மீ.க்கு மேல். நெடுஞ்சாலையில் சேலம் வந்து, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். சனி, ஞாயிறிலும் மே மாத மலர்க் கண்காட்சி நாட்களிலும் இரண்டு மணி நேரமாகும். சென்னையிலிருந்து சேலம் பறந்து வந்த நேரத்தைவிட ஏற்காடு ஏறும் நேரம் அதிகம்.

திரும்பும்போது இன்னும் கவனம். மழை நாளில் மலைப்பாதையில் மண்ணோ மரமோ விழுந்தால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்க வேண்டும். மதிய விமானம் என்றால் காலை உணவு முடிந்ததும் மலையிறங்கிவிடுங்கள். வளைவுகளில் தலைசுற்றும் குழந்தைகளுக்கு, அடிவாரத்தில் ஒரு பத்து நிமிடம் நிறுத்தி இளைப்பாற விட்டு, பிறகு கமலாபுரம் கூட்டிப் போனால் விமானத்தில் வாந்தி எடுக்காமல் வருவார்கள்.